பொக் பீரின் வலு எங்கிருந்து வருகிறது

ஜெர்மனியில் ஒரு பீரை வலுவான பீர் என்று அழைக்க வேண்டுமானால், சட்டம் அதன் ஆல்கஹாலைக் கேட்பதில்லை. ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன்பு, முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டிலிருந்து வடித்தெடுத்த இனிப்புச் சாற்றில் எவ்வளவு தானியச் சத்து கரைந்திருந்தது என்பதைத்தான் அது கேட்கிறது. ஷ்டாம்வூர்ட்சே என்பது அந்த அளவின் பெயர். நூறு கிராம் சாற்றில் 16 கிராமாவது சத்து இருந்தால்தான் புட்டியில் ‘பொக்’ என்று அச்சிடலாம். 18 கிராமைத் தாண்டினால் வழக்கில் அது டொப்பல்பொக். மியூனிக்கில் மக்கள் நாள்தோறும் குடிக்கிற வெளிர்மஞ்சள் ஹெல்லெஸ் பீரில் இந்த அளவு பன்னிரண்டை ஒட்டியே இருக்கும். ஒரு லிட்டர் ஹெல்லெஸ் காய்ச்ச ஏறக்குறைய 160 கிராம் மால்ட் போதும் என்றால், ஒரு லிட்டர் டொப்பல்பொக்குக்குக் கால் கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு குடிப்பவருக்கு, முதல் வாயிலேயே இந்த பீர் எதைச் சொல்ல வருகிறது என்பது புரிந்துவிடும்.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரில் ‘ஸ்ட்ராங் பீர்’ என்ற சொல்லுக்குப் பழகிய பொருள் முற்றிலும் வேறு. இந்திய விதிகளின்படி 5 சதவீத ஆல்கஹாலைத் தாண்டி 8 வரை போவது ஸ்ட்ராங். அந்தச் சதவீதத்தை எட்டுவதற்கு மால்ட்டுடன் அரிசியோ மக்காச்சோளமோ சர்க்கரையோ சேர்ப்பது பரவலான வழக்கம். சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமின்றித் தின்று ஆல்கஹாலாக்கிவிடும்; ருசியாக எதையும் விட்டுவைக்காது. மியூனிக்கின் சல்வாட்டோர் பீரிலும் 7.9 சதவீத ஆல்கஹால்தான் இருக்கிறது. எண் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தவர் இவை ஒரே இனத்துப் பானங்கள் என்று நம்பத் தயங்குவார். ஒன்றில் ஆல்கஹால் முன்னால் நிற்கிறது. மற்றதில் தானியம் முன்னால் நிற்க, ஆல்கஹால் அதன் பின்னால் வருகிறது. பொக்கை நான் இத்தனை நேசிப்பதற்குக் காரணம் இந்த வரிசைதான்.

மியூனிக்கில் குடியிருப்பதால் இந்த பீரை அதன் சொந்த மண்ணிலேயே, அதற்குரிய பருவத்திலேயே ருசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. கார்னிவல் கொண்டாட்டங்கள் முடிந்து சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்கியதும், இந்நகரத்தில் ஸ்டார்க்பீர், அதாவது வலுவான பீர், பருவமும் தொடங்கிவிடுகிறது. அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு உலகமே வந்து சேர்கிறது. மார்ச் மாதத்துக் குளிரில் நடக்கும் இந்தப் பருவம் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுடையது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எனக்குத் தயக்கமே இல்லை, மார்ச்தான்.

பொக்கின் பிறப்பிடம் பவேரியா அன்று. வடக்கே லோயர் சாக்சனியில் இருக்கும் ஐன்பெக் என்ற சிறு நகரத்தில் அது பிறந்தது. ஹான்சா வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த அந்த ஊர் தன் பீரைத் தொலைதூரங்களுக்கு அனுப்பிப் பிழைத்தது. அதன் விற்பனைக்குச் சான்றாக 1378ஆம் ஆண்டு ரசீது ஒன்று எஞ்சியிருக்கிறது. அங்கே காய்ச்சும் கொப்பரை நகரசபைக்குச் சொந்தம். அது முறைவைத்து வீடு வீடாகப் போகும். அதை உள்ளே கொண்டுபோவதற்காகவே வீடுகளுக்கு உயரமான வளைவு வாயில்கள் வைத்துக் கட்டினார்கள். பழைய தெருக்களில் அந்த வாயில்களை இன்றும் பார்க்கலாம். வண்டியில் வாரக்கணக்கில் பயணம் போகிற சரக்கு கெடாமல் இருக்க வேண்டும் என்பதால் மால்ட்டையும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவையும் தாராளமாகப் போட்டார்கள். 1521இல் வோர்ம்ஸ் நகரத்துப் பேரவையில் விசாரிக்கப்பட்ட மார்ட்டின் லூதருக்கு ஒரு குவளை ஐன்பெக் பீர் அனுப்பிவைக்கப்பட்டதாகச் சொல்வார்கள்.

மியூனிக்கை ஆண்ட விட்டல்ஸ்பாக் கோமகன்களுக்கு இந்த பீர்மீது அவ்வளவு பிரியம். இறக்குமதிச் செலவு கையைக் கடித்தது. 1589இல் ஐந்தாம் வில்ஹெல்ம் அரண்மனைக்கெனச் சொந்தமாக ஹோஃப்பிராய்ஹவுஸ் வடிசாலையை நிறுவினார். அதற்குப் பின்னும் ஐன்பெக் பீரின் மோகம் தீரவில்லை. ஆகவே அவர் மகன் மாக்சிமிலியன் காலத்தில், 1614இல், எலியாஸ் பிக்லர் என்ற வடிப்பாளரை ஐன்பெக்கிலிருந்தே வரவழைத்துவிட்டார்கள். ஐன்பெக் என்ற ஊர்ப்பெயர் பவேரிய நாக்கில் ‘ஐன்பொக்’ ஆகி, பிறகு வெறும் ‘பொக்’ ஆயிற்று. அச்சொல் கிடாவையும் குறிப்பதால் புட்டிகளில் கிடா படம் ஏறிக்கொண்டது. பிக்லர் கொண்டுவந்த முறை தெற்கின் நீருக்கும் மால்ட்டுக்கும் தக்கபடி மெல்ல மாறியது. மியூனிக்கின் நீர் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். வெளிர்ந்த மால்ட்டோடு சேர்ந்தால் கசப்பு முரட்டுத்தனமாகிவிடும். கருமையான மால்ட்டில் உள்ள அமிலத்தன்மை அந்த நீரின் காரத்தன்மையைத் தணித்துவிடும். கரும்பழுப்பு பீர்களில் இந்நகரம் தேர்ந்ததற்கு அரசர்களைவிட அதன் நிலத்தடி நீருக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

டொப்பல்பொக் துறவிகளின் கொடை. இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த பவோலா புனித பிரான்சிஸ் தோற்றுவித்த சபைத் துறவிகள் 1627இல் மியூனிக்கின் ஆவ் பகுதிக்கு வந்து குடியேறினார்கள். இறைச்சி, முட்டை, பால் எதையும் ஆண்டு முழுவதும் தொடாத கடும் ஒழுக்கம் அவர்களுடையது. நீர்ப்பொருள் நோன்பை முறிக்காது என்பது அக்காலத்து விதி. ஆகவே தானியத்தின் சத்தையெல்லாம் நீரில் இறக்கிக் குடித்தார்கள். அவர்கள் பீர் காய்ச்சியதற்கான முதல் ஆவணம் 1634இல் நகரத்து வடிப்பாளர்கள் கொடுத்த புகார்தான்; துறவிகள் தங்கள் பிழைப்பில் கைவைக்கிறார்கள் என்று நகரசபையிடம் முறையிட்டிருக்கிறார்கள். 1773 முதல் வடிசாலையை நடத்திய சகோதரர் பர்னபாஸ் இந்த பீரை இன்றைய வடிவத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்; 1780இல் அதைப் பொதுமக்களுக்கு விற்க அனுமதி கிடைத்தது. அக்காலத்து டொப்பல்பொக்கில் சர்க்கரை மிகுதியாகவும் ஆல்கஹால் இன்றையதைவிடக் குறைவாகவும் இருந்திருக்கும் என்பது பீர் வரலாற்றை ஆராய்ந்தவர்களின் பொதுக் கருத்து. ‘திரவ ரொட்டி’ என்று துறவிகள் சொன்னது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை; அது அவர்களுக்கு உண்மையிலேயே உணவு.

மடம் கலைக்கப்பட்ட பிறகு ஃபிரான்ஸ் சாவெர் சாஹெர்ல் என்ற வடிப்பாளர் அந்த வடிசாலையை எடுத்து நடத்தினார். அந்த பீரின் சல்வாட்டோர், அதாவது மீட்பர், என்ற பெயர் அவ்வளவு புகழ் பெற்றதால் மற்ற வடிசாலைகளும் அதே பெயரில் விற்கத் தொடங்கின. 1896இல் சாஹெர்ல் நடத்திய அந்த வடிசாலையான பவுலானர் அப்பெயரைத் தன் வணிகக்குறியாகப் பதிவுசெய்துகொண்டது. அதன் பிறகுதான் ஆப்டிமாட்டோர், ட்ரியும்ஃபாட்டோர், மாக்சிமாட்டோர், செலிப்ரேட்டர் என்று ‘-ஆட்டோர்’ (-ator) என முடியும் பெயர்கள் பெருகின. முன்பின் தெரியாத புட்டியில் இந்த முடிவைக் கண்டால் உள்ளே டொப்பல்பொக் இருக்கிறது என்று ஓரளவு உறுதியாக நம்பலாம்.

இனி அது உருவாகும் விதத்துக்கு வருகிறேன், ஏனெனில் நாக்கில் நாம் உணர்வதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. பார்லியை நனைத்து முளைகட்டி, முளை வளர்வதை நிறுத்துவதற்காக உலையில் உலர்த்துகிறார்கள். பில்ஸ்னர் வகை மால்ட்டை 80, 85 டிகிரியில் உலர்த்துவார்கள். மியூனிக் மால்ட்டை 100 டிகிரியைத் தாண்டியும் கொண்டுபோவார்கள். அந்தச் சூட்டில் தானியத்தின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. தோசையின் அடிப்புறம் முறுகிச் சிவக்கும்போது எழுகிற மணமும் இதே வினையால்தான் வருகிறது. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் மயார்டின் பெயரால் அது அறியப்படுகிறது. அதில் விளையும் பழுப்புப் பொருள்களுக்கு மெலனாய்டின் என்று பெயர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்தின் கறுப்பு பீரான ஸ்டவுட்டைப் போல இங்கே கருக வறுத்த தானியம் முதன்மை இல்லை. பொக்கின் நிறம் கருகியதால் வந்தது அன்று, பக்குவமாகச் சிவந்ததால் வந்தது. அதனால்தான் அதில் காப்பிக்கொட்டையின் கசப்பு இல்லாமல் ரொட்டியின் இனிமை இருக்கிறது.

அந்த மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் கூழாக்கும் முறை இன்னும் சுவையானது. வெப்பமானிகள் இல்லாத காலத்தில், கூழில் மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்துத் தனிக் கொப்பரையில் கொதிக்க வைத்து மீண்டும் பெரிய கூழில் ஊற்றினால் மொத்தச் சூடும் ஒரு படி ஏறும் என்பதை அனுபவத்தால் கண்டிருந்தார்கள். இரண்டு முறையோ மூன்று முறையோ இப்படிச் செய்வார்கள். இன்று வெப்பத்தை எளிதாகவே கட்டுப்படுத்தலாம். எரிபொருளையும் நேரத்தையும் மிச்சப்படுத்தப் பல இடங்களில் இந்த முறையைக் கைவிட்டும்விட்டார்கள். ஆனால் தானியத்தோடு சேர்த்துக் கொதிக்க வைத்த கூழில் மயார்ட் வினை மறுபடியும் நடக்கிறது. மால்ட் சுவைக்கு ஆழம் கூடுகிறது. சிறப்பு மால்ட்டுகளைக் கலந்து அதே ஆழத்தை எட்டிவிடலாம் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். நிறமும் இனிப்பும் அப்படிக் கிடைத்துவிடும், ஆனால் விழுங்கிய பிறகும் வாயில் நீண்டு நிற்கிற அந்த ரொட்டிச் சுவை எனக்குக் கூழைக் கொதிக்க வைத்த பீர்களில்தான் தென்பட்டிருக்கிறது.

பிறகு வருவது குளிரும் பொறுமையும். லாகர் ஈஸ்ட் பத்து டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாக வேலை செய்கிறது. அதன் பின் உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில், டொப்பல்பொக் என்றால் மாதக்கணக்கில்கூட, பீரை ஓய்வில் வைக்கிறார்கள். இவ்வளவு அடர்த்தியான சாற்றை அவசரப்படுத்தினால் ஈஸ்ட் திணறிப்போய்த் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களை உமிழ்ந்துவிடும். நல்ல பொக்கில் சூடு நெஞ்சில் மெல்லப் பரவும், மூக்கில் குத்தாது. எரிச்சலூட்டும் வார்னிஷ் வாடை வந்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். வெண்ணெய் வாடை வந்தால் ஓய்வு போதவில்லை.

ருசிக்க உட்காரும்போது முதலில் கவனிக்க வேண்டியது குளிர்ச்சி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் பொக் வெறும் இனிப்பும் கனமும் கொண்ட பானமாகத் தோன்றும். மணம் முழுவதும் அடைபட்டிருக்கும். அரை மணி நேரம் வெளியே வைத்து, பத்துப் பன்னிரண்டு டிகிரியில் தொடங்குவது நல்லது. வாய் குறுகி வயிறு அகன்ற கண்ணாடிக் கோப்பை வேண்டும். வைன் கோப்பையே போதும். பாதி அளவுக்கு ஊற்றினால் மணம் தங்க இடம் இருக்கும். அரை லிட்டர் சல்வாட்டோரில் ஏறக்குறைய 31 கிராம் ஆல்கஹால் இருக்கிறது என்பதால், ஒரு புட்டியை இருவராகப் பகிர்ந்துகொண்டு நிதானமாகக் குடிப்பதே என் வழக்கம்.

சென்ற மார்ச்சில் ஒரு மாலை மூன்று டொப்பல்பொக்குகளை ஒரே மேசையில் வைத்து நண்பர்களோடு ருசித்தேன். சல்வாட்டோரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முதிர்ந்த செம்புநிறம், ஓரத்தில் ஆரஞ்சுச் சாயல். நுரை வெளிர்பழுப்பாக எழுந்து சீக்கிரமே ஒரு விரற்கடை அளவுக்கு அமர்ந்துகொண்டது. மூக்கருகே கொண்டுபோனதும் ரொட்டிப் புறத்தோலின் மணம், அதன் பின் கேரமல். வாயில் முதலில் இனிப்பு, ஆனால் நாம் நினைப்பதைவிட விரைவாக அது விலகி, உலர்ந்த ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. ஆல்கஹாலின் வெதுவெதுப்பு தெளிவாகத் தெரிகிறது. ஆயிங் கிராமத்து வடிசாலையின் செலிப்ரேட்டர் இதற்கு நேர்மாறு. கோப்பையில் ஏறக்குறைய கறுப்பு. விளக்குக்கு நேரே சாய்த்தால் மட்டும் அடியில் மாதுளைச் சிவப்பு மின்னுகிறது. உலர்திராட்சை, பேரீச்சை, லேசான கோகோ ஆகிய மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நாக்கில் பட்டுப்போல் வழுக்கிக்கொண்டு போகிறது.

இந்த வேறுபாட்டை எண்களாலும் விளக்க முடிவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது. சல்வாட்டோரின் ஷ்டாம்வூர்ட்சே 18.3, செலிப்ரேட்டருடையது 18.5. தொடக்கச் சாறு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. ஆனால் ஆல்கஹால் முன்னதில் 7.9, பின்னதில் 6.7 சதவீதம். அதாவது ஆயிங்கில் ஈஸ்ட்டின் வேலை சற்று முன்னதாகவே முடிந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நூறு கிராம் பீரில் கரைந்து எஞ்சிய மால்ட் சத்து சல்வாட்டோரில் 7 கிராமை ஒட்டியும் செலிப்ரேட்டரில் 9 கிராமை ஒட்டியும் வருகிறது. அந்த இரண்டு கிராம்தான் நாக்கில் உடலாக, வழவழப்பாக நிற்கிறது. ஆல்கஹால் குறைந்த பீர் அதிகக் கனமாகத் தோன்றுவது முரண் அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறில்லை.

மூன்றாவது ஆன்டெக்ஸ். அமெர்ஸே ஏரிக்கு மேலே குன்றின்மீது, 1455இல் பெனடிக்டின் துறவிகளுக்காக நிறுவப்பட்ட மடாலயம் அது. வடிசாலை இன்றும் அவர்களுடையதே. மியூனிக்கிலிருந்து எஸ்8 புறநகர் ரயிலில் போய் ஹெர்ஷிங்கில் இறங்கி, ஓடையை ஒட்டிய கீன்டால் பள்ளத்தாக்கின் காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் மடத்தின் கோபுரம் தெரியும். உணவுக்கூடத்தில் கற்சாடியில் தருவார்கள். அதில் நிறம் தெரியாது, ஆகவே நிதானமாக ஆராய வேண்டுமானால் ஒரு புட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதே நல்லது. அவர்களுடைய டுங்கெல், அதாவது கருநிற, டொப்பல்பொக் 7.1 சதவீதம், கூழைப் பகுதி பகுதியாகக் கொதிக்க வைக்கும் பழைய முறையை விடாமல் வைத்திருக்கிறார்கள். எங்கள் மேசையில் அதுதான் நெடுநேரம் பேசவைத்தது. முதல் வாயில் கேரமல், நடுவில் உலர்ந்த பிளம் பழம், முடிவில் கறுப்புச் சாக்லேட்டை நினைவூட்டும் மெல்லிய கசப்பு. கோப்பை கைச்சூட்டில் மெல்ல வெதுவெதுப்பாகி 14, 15 டிகிரியை அடைந்தபோது பழத்தின் சுவை முன்னே வந்து கேரமல் பின்னே போயிற்று. குளிர் குறையக் குறைய மேலும் திறந்துகொள்கிற பீர் லாகர்களில் அபூர்வம்.

மூன்றிலும் ஹாப்ஸின் மணம் ஏறக்குறைய இல்லை. அது குறை ஆகாது. ஹாலர்டாவ் பகுதியின் மென்மையான ஹாப்ஸை இங்கே தாங்குகோலாக மட்டுமே பயன்படுத்துகிறார்கள். இனிப்பு திகட்டாமல் இருக்கும் அளவுக்குக் கசப்பு வந்துவிட்டால் அதன் கடமை முடிந்தது. ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகை பீரைக் குடித்துப் பழகியவர்களுக்கு முதலில் ஏதோ குறைவதுபோல் தோன்றும். அவர்கள் முதல் கோப்பையை அவசரமின்றி, இடையில் ஒரு துண்டு கம்பு ரொட்டியோடு குடித்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

உணவைப் பொறுத்தவரை, ஆல்ப்ஸ் மலையின் முதிர்ந்த பெர்க்கேஸ பாலாடைக்கட்டியைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை. அதன் உப்பும் பருப்புச் சுவையும் மால்ட்டின் இனிமையை இழுத்துப் பிடிக்கின்றன. மொறுமொறுப்பாக வாட்டிய பன்றிக்காலும் நன்றாகவே சேரும். காரம் மிகுந்த உணவோடு மட்டும் வேண்டாம். ஆல்கஹால் காரத்தைத் தூண்டிவிடும், பீரின் நுட்பமும் காணாமல் போகும்.

பொக் குடும்பத்தில் மற்றவை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மைபொக் வெளிர்நிறம், வசந்தத்துக்கு உரியது, இனிமையானது. ஆனால் மேலே சொன்ன ஆழத்தை அதில் தேடக் கூடாது. 1907இல் ஷ்னைடர் வடிசாலையில் மத்தில்டே ஷ்னைடர் காலத்தில் வந்த அவென்டினுஸ் கோதுமையில் செய்த டொப்பல்பொக், 8.2 சதவீதம், வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும் அது தனிக் கட்டுரைக்குரியது. பீரைப் பகுதி உறையவைத்துப் பனிக்கட்டியை நீக்கிச் செறிவாக்கும் ஐஸ்பொக் குல்ம்பாக் நகரத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. சிறு கோப்பையில், உணவு முடிந்த பின் குடிக்க வேண்டியது.

வெளிநாட்டுக் கடையில் முதன்முதலாக ஒன்றை வாங்கப் போகிறவர் செலிப்ரேட்டரிலிருந்து தொடங்கலாம். அது 330 மில்லி புட்டியில் கிடைக்கிறது, இனிமை முன்னிற்பதால் அந்நியமாகத் தோன்றாது, கழுத்தில் தொங்கும் சிறு வெள்ளைக் கிடாவால் அலமாரியில் எளிதில் கண்ணில் படும். வாங்கும்போது புட்டியின் தேதியைப் பாருங்கள். பழையதாகி, வெப்பத்தில் நின்றதாக இருந்தால் ரொட்டி மணத்துக்குப் பதிலாக ஈர அட்டைப்பெட்டியின் வாடைதான் வரும். செலிப்ரேட்டர் பிடித்துப்போனால் அடுத்தது சல்வாட்டோர். ஆன்டெக்ஸ் புட்டியை மட்டும், முடிந்தால், ஹெர்ஷிங்கில் இறங்கி நடந்துபோய் வாங்குங்கள்.